கிரேட் டேன் குட்டிக்குக் கால்சியம் டானிக் தேவையா?

கேள்வி: எங்கள் கிரேட் டேன் குட்டிக்கு நான்கு மாதம் ஆகிறது. பெரிய இன நாய்க்குட்டிகளுக்கான பாக்கெட் தீவனத்துடன் காலையும் மாலையும் கால்சியம் டானிக் கொடுத்தும், முன்னங்கால்கள் வளைவதுபோல் தெரிகின்றன. டானிக்கின் அளவைக் கூட்டலாமா? இந்த இன நாய்கள் வயிறு உப்பித் திடீரென இறந்துவிடும் என்பது உண்மையா?
- ஈரோடு வாசகர்

பதில்: டானிக்கைக் கூட்ட வேண்டாம், இன்றே நிறுத்திவிடுங்கள். உங்கள் தீவனத்திலேயே வேண்டிய கால்சியம் இருக்கிறது. ஏறக்குறைய ஆறு மாதம் வரை, மிகுதியான கால்சியத்தை உறிஞ்சாமல் விடும் திறன் குட்டியின் குடலுக்கு முழுமையாக வருவதில்லை என்பதால், கொடுப்பதில் பெரும்பங்கு உடம்பில் சேர்ந்து, குருத்தெலும்பு எலும்பாக மாறும் ஒழுங்கைக் கெடுத்துவிடுகிறது. நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் 1980களில் கிரேட் டேன் குட்டிகளைக் கொண்டே செய்த ஆய்வுகளில் இது தெளிவானது. இருந்தும் குட்டியோடு டானிக் பாட்டிலையும் சேர்த்துக் கொடுத்தனுப்பும் வழக்கம் நம் ஊரில் இன்னும் மாறவில்லை. வெறும் சோறும் எலும்பில்லாத கறியும் தின்று வளரும் குட்டியின் நிலை வேறு. அதற்குக் கால்சியம் தேவைதான், ஆனால் அளவை மருத்துவரே கணக்கிட வேண்டும்.

கால் வளைவுக்கு டானிக் மட்டுமே காரணம் என்று பார்க்காமல் சொல்ல முடியாது. முன்னங்காலின் இரு எலும்புகளில் ஒன்றின் வளர்ச்சித் தட்டு (எலும்பு நீளமாக வளரும் குருத்தெலும்புப் பகுதி) முன்கூட்டியே மூடிக்கொண்டாலும் கால் வளையும். வளர்ச்சி மிச்சமிருக்கும்போதே அறுவை சிகிச்சை செய்தால்தான் முழுப் பலன் கிடைக்கும் என்பதால், இந்த வாரமே இரு கால்களுக்கும் எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். குட்டி கொழுகொழுவென்று இருக்க வேண்டும் என்ற ஆசையையும் விட்டுவிடுங்கள். விலாவில் உள்ளங்கையை வைத்து லேசாகத் தடவினாலே எலும்புகள் தட்டுப்பட வேண்டும். டைல்ஸ் தரையில் அது நடமாடும் இடங்களில் ரப்பர் விரிப்பு போடுங்கள்.

வயிறு உப்புவது உண்மைதான். பெரும்பாலும் வளர்ந்த நாய்களுக்கே வரும். இரைப்பை காற்றால் வீங்கி முறுக்கிக்கொள்ளும்போது, நாய் நிலைகொள்ளாமல் தவிக்கும், எச்சில் வடிக்கும், திரும்பத் திரும்பக் குமட்டியும் எதுவும் வெளியே வராது. அப்போது வீட்டு வைத்தியம் பார்க்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு போக வேண்டும். சில மணி நேரத் தாமதமே உயிரைப் பறித்துவிடும். சாப்பாட்டுத் தட்டை உயரமான ஸ்டாண்டில் வைப்பது நல்லது என்பார்கள். அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழக ஆய்வோ, அது அபாயத்தைக் கூட்டுவதாகவே காட்டியது. தீவனத்தை ஒரே வேளையாகப் போடாமல் இரண்டு மூன்று வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். பிற்காலத்தில் கருத்தடை செய்யும்போது, இரைப்பையை வயிற்றுச் சுவருடன் சேர்த்துத் தைக்கும்படியும் கேளுங்கள். வீக்கம் வருவதை அது தடுக்காது. உயிரைப் பறிக்கும் முறுக்கலைப் பெருமளவு தடுக்கும்.

இரைப்பை முறுக்கிக்கொண்டால் செய்ய வேண்டிய அவசர அறுவை சிகிச்சை இரவில் எங்கே கிடைக்கும் என்பதை இப்போதே விசாரித்து வையுங்கள். உங்களுக்கு அருகில் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கிருந்தே கேட்கத் தொடங்கலாம்.