அமெரிக்கப் பள்ளியில் ஆட்டோ ஷாப் (கார் பழுதுபார்ப்பு) வகுப்பு எடுத்தால் மெக்கானிக் ஆகலாமா?

ஆகலாம். ஆனால் முதலில் கிடைப்பது ஆயில் மாற்றும், டயர் கழற்றி மாட்டும் வேலைதான். மெக்கானிக்குகளுக்குச் சான்றிதழ் தரும் ஏஎஸ்இ அமைப்பின் தொடக்கநிலைத் தேர்வைப் பள்ளியிலேயே எழுதிவிடுங்கள்; அதற்கு அனுபவம் கேட்பதில்லை. முழுச் சான்றிதழுக்குத் தேர்வோடு 2 ஆண்டு வேலை அனுபவம் வேண்டும். உரிய பயிற்சி அதில் 1 ஆண்டுவரை ஈடுகட்டும். கார் ஏசியில் கைவைக்க, குளிர்பதன வாயுவைக் கையாள்வதற்கான ‘609’ என்ற சான்றிதழ் தனி, அது சட்டப்படி கட்டாயம்.

புதியவர்கள் கோட்டைவிடுவது கைப்பழக்கத்தில். வீல் நட்டுகளை ஏர் கன்னால் கண்டபடி இறுக்கிவிடுகிறார்கள். இறுக்கம் சீராக இல்லாவிட்டால் பிரேக் டிஸ்க் லேசாகக் கோணும். நாளடைவில் பிரேக் பிடிக்கும்போது பெடல் உதறும். எதிரெதிர் நட்டாக, டார்க் ரெஞ்சால் (இறுக்கும் விசையை அளக்கும் ஸ்பேனர்), அந்த வண்டிக்குரிய அளவுக்கு இறுக்கிப் பழகுங்கள்.

அடுத்து, டொயோட்டாவின் டி-டென், ஃபோர்டின் அசெட் போன்ற கல்லூரிப் படிப்புகளைப் பாருங்கள். வகுப்போடு டீலர் பட்டறை வேலையும் சேர்ந்தே வரும்.