வீட்டுக்கடன் முடிந்தது, வாழ்க்கை ருசிக்கவில்லை

வணக்கம் மேடம்,

எனக்கு வயது 47. ஈரோடு பக்கம் ஒரு சாயப்பட்டறையில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். பதினைந்து வருடம் கட்டிய வீட்டுக்கடன் போன வருடம் முடிந்தது. பேங்கிலிருந்து பத்திரம் கைக்கு வந்த அன்று வீட்டில் கேசரி கிண்டினார்கள். எனக்கோ அன்று ராத்திரியே 'இனி என்ன?' என்று தோன்றிவிட்டது. அந்தக் கேள்வி இன்னும் போகவில்லை.

குறை என்று சொல்ல ஒன்றுமில்லை. மகள் கோவையில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். மனைவி எனக்கு ஒரு குறையும் வைத்ததில்லை. ஆனால் காலையில் டீ குடித்தேனா என்பதுகூட பட்டறைக்குப் போன பிறகு நினைவில் இருப்பதில்லை. சாயங்காலம் வந்தால் செல்போனில் ரீல்ஸ். நிமிர்ந்தால் மணி பதினொன்றரை. மகள் போன் பண்ணும்போது மட்டும் வாய்விட்டுச் சிரிக்கிறேன். "வீட்ல இருந்தும் இல்லாத மாதிரி இருக்கீங்க" என்கிறாள் மனைவி.

'சின்னச் சின்ன சந்தோஷங்களைக் கொண்டாடுங்கள்' என்று வாட்ஸ்அப்பில் தினமும் வருகிறது. நன்றி டைரி எழுதிப் பார்த்தேன். குடும்பம், ஆரோக்கியம், வேலை என்று மூன்று. மறுநாளும் அதே மூன்று. விட்டுவிட்டேன். குடும்பத்தோடு மூணாறு போய் செல்போன் நிறைய போட்டோ எடுத்தேன். அங்கே என்ன பார்த்தாய் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

சாகவேண்டும் என்றெல்லாம் நினைப்பு இல்லை. சாப்பாடு, தூக்கம் பரவாயில்லை. வாழ ஒரு உந்துதல் இல்லை, அவ்வளவுதான். இன்னொரு லோன் போட்டு ஒரு மனை வாங்கினால் பழைய வேகம் திரும்புமோ என்றும் யோசிக்கிறேன். என்ன செய்யலாம்?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், ஈரோடு மாவட்டம்

அன்புள்ள வாசகருக்கு,

மகள் பேசினால் சிரிப்பு வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் நான் முதலில் பிடித்துக்கொண்ட வரி அதுதான். மனச்சோர்வு நோய் முற்றியவர்களில் பலருக்குப் பிடித்தவர்களின் குரல்கூட உள்ளே இறங்காது. உங்களுக்கு இறங்குகிறது. ஆனாலும் ஒரு கடிதத்தை வைத்து நோய் இல்லை என்று நான் சொல்லிவிட முடியாது. அதனால் முதல் வேலையாக இதைச் செய்யுங்கள்.

பி.எச்.க்யூ-9 என்று ஒன்பது கேள்விகள் கொண்ட ஒரு படிவம் இருக்கிறது, தமிழிலும் கிடைக்கும். கடந்த இரண்டு வாரத்தில் ஈடுபாடின்மை, சோர்வு, தூக்கக் கோளாறு, கவனமின்மை போன்றவை எத்தனை நாள் இருந்தன என்று கேட்கும். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. கூட்டுத்தொகை 10 அல்லது அதற்கு மேல் வந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். ஒன்பதாவது கேள்வி சாவைப் பற்றிய எண்ணம் குறித்தது. அதில் 0 தவிர எது வந்தாலும் கூட்டுத்தொகையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், உடனே பேசுங்கள். அரசின் மனநல உதவி சேவையான டெலி மானஸின் எண் 14416, இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம். கூடவே தைராய்டு (டி.எஸ்.எச்.), ஹீமோகுளோபின், பி12, மூன்று மாத சராசரி சர்க்கரை ஆகிய நான்கையும் ஒரே ரத்தப் பரிசோதனையில் பார்த்துவிடுங்கள். தைராய்டு குறைவாகச் சுரந்தாலும் பி12 குறைந்தாலும் இதே மந்தம் வரும். அதை மனசின் குறை என்று எண்ணி மாதக்கணக்கில் தங்களையே திட்டிக்கொள்பவர்கள் நிறையப் பேர். குறட்டை பலமாக இருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். படுத்த நேரமெல்லாம் தூங்கிய நேரம் ஆகாது.

இதில் எதுவும் தட்டுப்படவில்லை என்று வைத்துக்கொண்டு மேலே எழுதுகிறேன்.

கடன் முடிந்ததும் மகிழ்ச்சி நிலைக்கும் என்று எதிர்பார்த்தீர்கள், நிலைக்கவில்லை. இதில் உங்கள் தவறு ஏதுமில்லை. பூஜையறையில் ஏற்றிய ஊதுவத்தி கொஞ்ச நேரத்தில் மூக்குக்குத் தெரியாமல் போகிறதல்லவா, மனமும் கிடைத்ததற்கெல்லாம் அப்படிப் பழகிவிடும். 1978-இல் பிலிப் பிரிக்மன் என்ற உளவியலாளர், அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் லாட்டரியில் பெரும்பணம் வென்ற 22 பேரை, பரிசு எதுவும் விழாத 22 பேருடன் ஒப்பிட்டுப் பார்த்தார். சிறிய ஆய்வுதான், ஆனால் அதில் ஒரு செய்தி உங்களுக்கானது. வென்றவர்கள் மற்றவர்களைவிட அதிக மகிழ்ச்சியில் இல்லை. காலை உணவு, நண்பரோடு அரட்டை, ஒரு நல்ல ஜோக் போன்ற அன்றாட விஷயங்களில் அவர்களுக்குக் கிடைத்த இன்பம் மற்றவர்களுடையதைவிடக் குறைவு. பெரிய ஒன்றைப் பார்த்துவிட்ட கண்ணுக்குச் சின்னது தெரிவதில்லை. பதினைந்து வருடம் ஒரே பெரிய இலக்கைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கும் கிட்டத்தட்ட அதே கதிதான்.

இப்போது டைரிக்கு வருவோம். உங்கள் டைரி தோற்றதற்குக் காரணங்கள் இரண்டு. ஒன்று, தினமும் எழுதியது. உளவியலாளர் சோன்யா லியுபோமிர்ஸ்கியின் குழுவினர் சோதித்துப் பார்த்ததில், வாரம் ஒருமுறை எழுதியவர்களுக்குப் பலன் கிடைத்தது. வாரம் மூன்று முறை எழுதியவர்களுக்குக் கிடைக்கவில்லை. அடிக்கடி செய்தால் அதுவும் வீட்டுப்பாடம் ஆகிவிடுகிறது. இரண்டாவது காரணம்தான் பெரியது. 'குடும்பம், ஆரோக்கியம், வேலை' என்பவை தலைப்புகள். கணக்குக்காரருக்குச் சொல்ல வேண்டுமா? பேரேட்டில் 'செலவு' என்று மட்டும் எழுதி ஒரு தொகையைப் போட்டால் தணிக்கையாளர் ஒத்துக்கொள்வாரா? எந்தத் தேதி, யாருக்கு, எதற்கு என்று கேட்பார். இதற்கும் அதே விவரம் வேண்டும்.

ஞாயிறு சாயங்காலம், காபிக்குப் பிறகு, பத்து நிமிடம். இரவில் வேண்டாம், தூக்கக் கலக்கத்தில் மறுபடி தலைப்புகள்தான் வரும். அந்த வாரத்தில் நடந்த மூன்று சம்பவங்கள், ஒவ்வொன்றுக்கும் மூன்று நான்கு வரி: யார், எங்கே, என்ன நடந்தது, ஏன் நடந்தது. 'மனைவி' என்று எழுதக் கூடாது. 'வியாழக்கிழமை மேகம் கறுத்ததைப் பார்த்து, நான் கேட்காமலேயே ரெயின்கோட்டை வண்டியில் வைத்திருந்தாள். போன மழையில் நனைந்து சளி பிடித்தது அவளுக்கு ஞாபகம் இருந்திருக்கிறது' என்று எழுதுங்கள். அந்த 'ஏன்' இல்லாவிட்டால் சம்பவம் வெறும் குறிப்பாக நின்றுவிடும். எழுதினால்தான் யாரோ ஒருவர் உங்களை மனதில் வைத்து ஒரு காரியம் செய்திருப்பது கண்ணில் படும். ஒரு வாரம் மூன்று கிடைக்காவிட்டால் ஒன்று போதும். இட்டுக்கட்டி எழுதாதீர்கள்.

அடுத்து அந்தக் காலை டீ. 2010-இல் வெளியான ஓர் ஆய்வில் மேத்யூ கில்லிங்ஸ்வொர்த், டேனியல் கில்பர்ட் என்ற உளவியலாளர்கள் இருவரும் 2,250 பேரிடம் செல்போன் வழியாக எதிர்பாராத நேரங்களில் 'இப்போது என்ன செய்கிறீர்கள், மனம் அதில் இருக்கிறதா?' என்று கேட்டார்கள். கேட்ட நேரங்களில் 46.9 சதவீதம் மனம் வேறெங்கோ இருந்தது. அந்த நேரங்களில் மகிழ்ச்சியும் குறைவாக இருந்தது. ஆகவே டீ நினைவில் இல்லாதது உங்களுக்கு மட்டும் உள்ள வியாதி இல்லை. முழு டம்ளரையும் கவனத்தோடு குடிக்கச் சொல்ல மாட்டேன். மூன்றாம் நாளே சலித்துவிடும். செல்போனை வேறு அறையில் வைத்துவிட்டு முதல் நான்கு மிடறு மட்டும். டம்ளரின் சூடு, வாசனை, நாக்கில் முதலில் படுவது இனிப்பா துவர்ப்பா என்று பாருங்கள். பிறகு ஒரே ஒரு கேள்வி: நேற்றைக்கும் இன்றைக்கும் என்ன வித்தியாசம்? பால் கூடியிருக்கலாம், இஞ்சி குறைந்திருக்கலாம். பழக்கத்தின் மந்தத்தை உடைப்பது இந்தக் கேள்விதான். மனம் ஓடும், ஓடட்டும். ஓடியது தெரிந்ததும் அடுத்த மிடறுக்குத் திரும்பினால் போதும். ஐந்தாவது மிடறில் பேப்பர் படிக்கலாம், தப்பில்லை. மூன்று வாரம் இந்த டீயோடு நிறுத்துங்கள். குளியல், சாப்பாடு, வண்டி ஓட்டுதல் என்று ஒரே நேரத்தில் விரித்தால் எல்லாமே கைவிட்டுப் போகும்.

கொஞ்ச நாள் ஒன்றை விட்டுப் பிடிப்பதும் உதவும். ஒரு வாரம் சாக்லேட்டை ஒதுக்கியவர்கள், இஷ்டத்துக்குத் தின்றவர்களைவிட அடுத்த முறை அதை அதிகம் ரசித்தார்கள் என்று 2013-இல் ஓர் ஆய்வு வந்தது. புரட்டாசி முழுக்க விரதம் இருந்துவிட்டு ஐப்பசி முதல் ஞாயிறு கறிக்குழம்பு சாப்பிடுகிறவர்களுக்கு ஆய்வு தேவையில்லை! உங்களுக்குத் தினமும் கிடைக்கிற ஒன்றை, மாலை பஜ்ஜியோ கடைக் காபியோ, வாரத்துக்கு ஒருநாள் என்று மாற்றிப் பாருங்கள்.

மூணாறு விஷயம் சுலபம். லிண்டா ஹென்கல் என்ற உளவியலாளர் ஒரு அருங்காட்சியகத்தில் நடத்தி 2014-இல் வெளியிட்ட சோதனையில், படம் எடுத்த பொருள்களைவிட வெறுமனே பார்த்த பொருள்கள் நன்றாக நினைவில் நின்றன. ஒரு பகுதியை மட்டும் கிட்டே இழுத்துப் படமெடுத்தபோது அந்த இழப்பு இல்லை. அடுத்த முறை முதல் ஐந்து நிமிடம் பாக்கெட்டிலிருந்து செல்போனை எடுக்காதீர்கள். பிறகு இடத்துக்கு இரண்டே படம், அதுவும் முழு மலை வேண்டாம், தேயிலைக் கொழுந்தோ மனைவியின் முகமோ. ஏற்கெனவே எடுத்த குவியலிலிருந்து பத்துப் படங்களைத் தேர்ந்தெடுத்துப் பிரின்ட் போடுங்கள். தேர்வை மனைவியோடு உட்கார்ந்து செய்யுங்கள். போன பயணத்தின் பாதி ருசி அந்தப் பேச்சில் திரும்பி வரும்.

உந்துதல் எங்கிருந்து கொண்டுவருவது என்று கேட்கிறீர்கள். மனசு வரட்டும், பிறகு செய்வோம் என்று காத்திருப்பவர்களுக்கு அது பெரும்பாலும் வருவதில்லை. செய்யத் தொடங்கிய பிறகு பின்னால் வரும். மனச்சோர்வுக்கான சிகிச்சைகளில் ஒன்று முழுக்க இந்த அடிப்படையில்தான் நடக்கிறது. அதன் முதல் கருவி உங்களுக்கும் பயன்படும். ஒரு வாரத்துக்கு, விழித்திருக்கும் நேரத்தை இரண்டு மணி நேரக் கட்டங்களாகப் பிரியுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் என்ன செய்தீர்கள் என்று எழுதி இரண்டு மதிப்பெண் போடுங்கள்: இன்பம் 0 முதல் 10, 'உருப்படியாக ஒன்று செய்தேன்' என்ற உணர்வு 0 முதல் 10. இரவில் மொத்தமாகப் போடாதீர்கள்; அன்றைய கடைசி மனநிலை எல்லாக் கட்டத்துக்கும் பரவிவிடும். மதியம் ஒருமுறை, வேலை முடிந்து ஒருமுறை, படுக்குமுன் ஒருமுறை.

வார முடிவில் ரீல்ஸ் கட்டங்களைப் பாருங்கள். பலருக்கு இன்பத்தில் இரண்டு மூன்று விழும், இரண்டாவதில் பூஜ்யம். அந்தக் கட்டத்தில் பாதியை எடுத்துவிடலாம். ஒன்பதரை மணிக்குச் செல்போனைக் கூடத்தில் சார்ஜில் போடுங்கள். 'அலாரம் அதில்தானே இருக்கிறது' என்ற சாக்கு அன்றைக்கே வரும். ஒரு சாதாரண அலாரம் கடிகாரம் வாங்கிவிடுங்கள். காலியான நேரத்தில் என்ன செய்வது என்பதை முன்கூட்டியே எழுதி வைக்காவிட்டால் கை தானாகக் கூடத்துக்குப் போகும்.

அந்த நேரத்துக்கு என் யோசனை இதோ. அர்த்தமுள்ள வாழ்க்கை என்பதை ஆய்வாளர்கள் மூன்றாகப் பிரிக்கிறார்கள்: வாழ்க்கை புரியும்படி இருப்பது, போய்ச்சேர ஒரு திசை இருப்பது, நாம் யாருக்காவது வேண்டியவராக இருப்பது. உங்களிடம் முதலாவது இருக்கிறது. இரண்டாவது கடனோடு போய்விட்டது. மூன்றாவது, மகள் ஹாஸ்டலுக்குப் போனதில் பாதி குறைந்திருக்கிறது. இரண்டுக்கும் சேர்த்து ஒரு வேலை இருக்கிறது. பிளஸ் டூவில் கணக்குப்பதிவியல் எடுத்துவிட்டு இருப்பாய்வு பொருந்தாமல் விழிக்கிற பிள்ளைகள் உங்கள் தெருவிலேயே இருப்பார்கள். வாரம் ஒருநாள், ஒரு மணி நேரம், அதிகபட்சம் மூன்று பேர், பொதுத்தேர்வு வரை மட்டும். முடியும் தேதியை முதலிலேயே சொல்லிவிடுங்கள். தினமும், பத்துப் பேர், வருடம் முழுக்க என்று ஆரம்பித்தால் அதுவும் இன்னொரு தவணை ஆகிவிடும். சொல்லிக்கொடுப்பது வராது என்று தோன்றினால் வேறு வேலை பாருங்கள். நீங்கள் போகாவிட்டால் யாராவது 'ஏன் வரலை?' என்று கேட்க வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை.

மனைவியிடம் 'உனக்கு இனிமேல் நேரம் ஒதுக்கப் போகிறேன்' என்று அறிவிக்காதீர்கள். சாப்பிட்ட பிறகு பதினைந்து நிமிடம் மொட்டைமாடியிலோ திண்ணையிலோ உட்காருங்கள். அவர் ஏதாவது நல்ல செய்தி சொன்னால், பக்கத்து வீட்டுக் கல்யாணமாக இருந்தாலும், 'சரி' என்று முடிக்காமல் இரண்டு கேள்வி கேளுங்கள். கஷ்டத்தில் கைகொடுப்பதைப்போலவே, நல்ல செய்தியை எப்படிக் கேட்டுக்கொள்கிறோம் என்பதும் தம்பதியரின் நெருக்கத்தைத் தீர்மானிக்கிறது.

மனை வாங்குவது பற்றி: முதலீடாக அது சரியா என்பதை உங்கள் கணக்கு சொல்லும், நான் சொல்ல முடியாது. ஆனால் வேகம் வேண்டும் என்பதற்காக வாங்குவதாக இருந்தால் மூன்று மாதம் தள்ளிப்போடுங்கள். அடுத்த பதினைந்து வருடத்துக்கு ஒரு திசை கிடைக்கும்தான். அது முடியும்போது உங்களுக்கு 62 வயது, கேள்வி இதே கேள்வி. மாதத்தவணையாகப் போன தொகையில் சின்னப் பங்கை, பத்தில் ஒன்று போதும், வருடத்துக்கு ஒரு பெரிய டூருக்குச் சேர்க்காமல் மாதம் இரண்டு சிறு செலவுகளாக்குங்கள். கோவைக்குப் பஸ் ஏறி மகளோடு ஒரு மதியச் சாப்பாடு, பவானி கூடுதுறை வரை மனைவியோடு ஒரு காலை.

எல்லாவற்றையும் இந்த ஞாயிறே ஆரம்பிக்க வேண்டாம். முதல் வாரம் படிவம், ரத்தப் பரிசோதனை, கட்டம் போட்ட அட்டவணை. இரண்டாம் வாரம் டீயும் டைரியும். மூன்றாம் வாரம் செல்போன் நேரம், பிள்ளைகள். ஆறாவது வார முடிவில் அதே ஒன்பது கேள்விகளுக்கு மறுபடி பதில் எழுதி, அட்டவணையையும் ஒரு வாரம் மறுபடி போடுங்கள். இன்ப மதிப்பெண் எங்குமே ஏறாமல், மகளின் போனுக்கும் சிரிப்பு வருவது நின்றிருந்தால், இரண்டு தாளையும் எடுத்துக்கொண்டு மனநல மருத்துவரிடம் போங்கள். அவருக்கு அவை மிகவும் உதவும்.