ஆந்தை வாத்தியார் சொல்லித் தருகிறதா, கூட உட்கார்ந்திருக்கிறதா?

வாசகி ஒருவரின் கேள்வி: "என் மகன் தமிழ் வழியில் ஐந்தாம் வகுப்பு படிக்கிறான். கணக்குக்காக ஒரு செயலிக்கு ஆண்டுச் சந்தா கட்டினோம். அதில் ஆந்தைக் கார்ட்டூன் ஒன்றுதான் வாத்தியார். தினமும் முக்கால் மணி நேரம் ஆசையாக உட்காருகிறான். ஆனால் பள்ளித் தேர்வில் பின்னக் கணக்குகளில் பழைய தவறுகளையே செய்கிறான். அடுத்த மாதம் சந்தா முடிகிறது. தொடரலாமா, பக்கத்துத் தெரு டியூஷனுக்கு அனுப்பிவிடலாமா?"

ஆசையாக உட்காருவதும் தவறு மாறாமல் இருப்பதும் உங்களுக்கு முரணாகத் தெரிகிறது. இரண்டும் ஒன்றாக நடக்கக்கூடியவைதான். அதனால் உங்கள் பிள்ளைமீது குறை காணாதீர்கள்.

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் லெஸ்டரின் குழு ஹெர்மன் என்ற கார்ட்டூன் பூச்சியை உருவாக்கியது. வேறொரு கிரகத்தின் மழைக்கும் வெயிலுக்கும் ஏற்ற வேர், தண்டு, இலையைப் பிள்ளைகள் தேர்ந்தெடுத்து ஒரு செடியை அமைக்க வேண்டும். ஹெர்மன் பறந்து வந்து விளக்கம் சொல்வான். 1997-ல் 100 நடுநிலைப் பள்ளி மாணவர்களிடம் இதைச் சோதித்தார்கள். ஹெர்மனை ஐந்து விதமாக மாற்றியமைத்துப் பார்த்ததில் ஒரு ஹெர்மன் ஆலோசனையே சொல்ல மாட்டான். அந்த ஊமை ஹெர்மன் இருந்தபோதும் பாடம் தங்களுக்கு உதவியது என்றே பிள்ளைகள் நல்ல மதிப்பெண் போட்டார்கள். ஒரு முகம் திரையில் இருந்தாலே பிள்ளைக்குத் துணை இருப்பதாகத் தோன்றிவிடுகிறது. உங்கள் மகன் முக்கால் மணி நேரம் எழுந்திருக்காமல் இருப்பதற்கு இதுதான் காரணமாக இருக்கும்.

அதே ஹெர்மனை வைத்து ரொக்ஸானா மொரேனோ, ரிச்சர்ட் மேயர் ஆகியோர் செய்த ஆய்வு 2001-ல் வெளிவந்தது. பூச்சியின் உருவத்தை எடுத்துவிட்டுக் குரலை மட்டும் விட்டுவைத்தார்கள். மாணவர்கள் கற்றது குறையவில்லை. குரலை எடுத்துவிட்டு எழுத்தாகப் போட்டபோது குறைந்தது. செடியைத் தாங்களே அமைத்தவர்கள், அமைத்துக் காட்டியதைப் பார்த்தவர்களைவிட நன்றாகக் கற்றார்கள். நான் இணையப் பாடங்கள் தயாரிக்கும் வேலையில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். பாத்திரத்துக்கு என்ன நிறம், எப்படிச் சிரிக்க வேண்டும் என்றுதான் கூட்டங்களில் நேரம் போகும். அது தவறான பதிலுக்கு என்ன சொல்ல வேண்டும் என்ற பேச்சு கடைசிப் பத்து நிமிடத்தில் வரும். எனக்கு இன்றும் வருத்தம் தரும் விஷயம் அது.

ஆகவே ஆந்தையை எடைபோட ஒரு சோதனை செய்யுங்கள். மகன் தூங்கிய பிறகு நீங்களே செயலியைத் திறந்து, 1/2 + 1/3 போன்ற கணக்கு வரும் இடத்துக்குப் போங்கள். வேண்டுமென்றே 2/5 என்று பதில் கொடுங்கள். மேலே இருப்பதை மேலே இருப்பதோடும் கீழே இருப்பதைக் கீழே இருப்பதோடும் கூட்டினால் வருவது அது. பின்னம் கற்கும் பிள்ளைகளிடம் மிகச் சாதாரணமாகக் காணும் தவறு. உங்கள் மகனின் விடைத்தாளிலும் இதுதான் இருக்கும் என்று நினைக்கிறேன், எடுத்துப் பாருங்கள்.

"அச்சச்சோ, மறுபடி முயற்சி செய்!" என்று மட்டும் சொல்லி, மூன்றாம் முறை சரியான விடையான 5/6-ஐக் காட்டிக் கைதட்டினால் அந்த ஆந்தை வெறும் பொம்மை. கொஞ்சம் தேவலாம் என்றால் விதியைத் திரும்பச் சொல்லும். நல்ல வாத்தியார் அந்த 2/5 எங்கிருந்து வந்தது என்பதைக் கண்டுபிடிப்பார். "அரைத் தோசை உன் தட்டில் இருக்கிறது. அதோடு இன்னும் கொஞ்சம் வைக்கிறேன். இப்போது இருப்பது அரையைவிடக் குறையுமா?" என்று கேட்பார். ஐந்தில் இரண்டு பங்கு அரையைவிடச் சிறியது. கூட்டினால் எப்படிக் குறையும் என்று பிள்ளையே திடுக்கிடும் அந்த நொடியில்தான் பழைய தவறு ஆட்டம் காண்கிறது. விடையைக் காட்டிவிட்டால் அந்த நொடியே வராது.

இந்த வேறுபாட்டுக்கு எண்களில் ஆதாரம் உண்டு. கணினி வாத்தியார்களைப் பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்துக் கர்ட் வான்லென் 2011-ல் ஒரு கட்டுரை எழுதினார். அதில் வரும் எண்கள் 'விளைவு அளவு' எனப்படுபவை; எண் பெரிதானால் பலன் அதிகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்தத் தனிப் பயிற்சியும் இல்லாத நிலையோடு ஒப்பிட்டால், கடைசி விடையை மட்டும் சரிபார்க்கும் மென்பொருளின் பலன் 0.31. ஒவ்வொரு படியையும் பார்த்துத் திருத்தும் மென்பொருளின் பலன் 0.76. ஒரே பிள்ளையைப் பக்கத்தில் வைத்துச் சொல்லித் தரும் மனித ஆசிரியரின் பலன் 0.79. கார்ட்டூன் பாத்திரத்தால் மட்டும் கூடுதலாக என்ன கிடைக்கிறது என்பதை 2013-ல் 43 ஆய்வுகளைத் திரட்டி வேறொரு குழு கணக்கிட்டது. கிடைத்தது 0.19. கல்லூரி மாணவர்களைவிடப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சற்று அதிகம். இவை வெவ்வேறு ஒப்பீடுகள் என்பதால் ஒரே தராசில் அப்படியே வைக்கக்கூடாது. ஆனால் எதற்குப் பணம் கொடுப்பது என்று முடிவெடுக்க இவை போதும்: ஆந்தையின் முகத்துக்கு இல்லை, படிப்படியாகத் திருத்துவதற்கு.

ஆந்தை எப்படிப் பேசுகிறது என்பதையும் காது கொடுத்துக் கேளுங்கள். மூச்சுவிடுவதைப் பற்றிய ஒரு சிறு பாடத்தில், பொதுவாக நுரையீரல் என்று இருந்த இடங்களை 'உன் நுரையீரல்' என்பதுபோல மாற்றியதற்கே மாணவர்கள் பாடத்தை வேறு கேள்விகளுக்குப் பயன்படுத்தும் திறன் கூடியதாக மேயர் குழு 2004-ல் காட்டியது. தமிழில் எழுத்து நடைக்கும் பேச்சு நடைக்கும் உள்ள இடைவெளி பெரிது. நிகழ்ச்சி அறிவிப்பாளர்போலச் செந்தமிழில் ஒப்பிக்கும் குரல் பிள்ளையிடம் பேசுவதாகவே இருக்காது. இன்னொன்று, அவனது பள்ளிப் புத்தகத்தில் மேல் எண் 'தொகுதி', கீழ் எண் 'பகுதி'. ஆந்தை அவற்றை நியூமரேட்டர், டினாமினேட்டர் என்று சொன்னால், கணக்கைப் புரிந்துகொள்வதோடு மொழிபெயர்ப்பும் அவன் தலையில் விழுகிறது. ஆந்தை பகுதியைச் சிறகால் சுட்டிக்காட்டினால் நல்லது. பிள்ளை யோசிக்கும்போது ஓரத்தில் நின்று கண் சிமிட்டிக்கொண்டே இருந்தால், அசைவை நிறுத்தும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். மைக், கேமரா அனுமதியையும் பார்த்துவிடுங்கள். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் குறைந்தவர்களின் தரவுக்குப் பெற்றோரின் ஒப்புதலைக் கட்டாயமாக்குகிறது. அந்த ஒப்புதலை நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு தட்டிவிட வேண்டாம்.

எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த பாத்திரம் ஒன்று உண்டு. வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் கௌதம் பிஸ்வாஸ் குழு உருவாக்கிய, பெட்டி (Betty) என்ற பெயருள்ள கணினிப் பாத்திரம். பெட்டி வாத்தியார் இல்லை, மாணவி. அவளுக்கு எதுவும் தெரியாது. ஆற்றில் பாசி பெருகினால் ஆக்சிஜன் என்னவாகும் என்பதையெல்லாம் பிள்ளைதான் வரைபடமாக வரைந்து அவளுக்குக் கற்பிக்க வேண்டும். பிறகு அவள் தேர்வு எழுதுவாள். வரைபடத்தில் பிழை இருந்தால் அவள் விடையும் பிழையாகும். இவ்வகைப் பாத்திரங்களை வைத்து ஸ்டான்ஃபோர்டில் டேனியல் ஷ்வார்ட்ஸ் குழு 2009-ல் வெளியிட்ட ஆய்வில், பிள்ளைகள் தங்களுக்காகப் படிப்பதைவிடத் தங்கள் பாத்திரத்துக்காகப் படிப்பதில் அதிக நேரம் செலவிட்டார்கள்.

இதற்குச் செயலி எதுவும் தேவையில்லை. ஆந்தைப் பாடம் முடிந்ததும் திரையை அணைத்துவிட்டு, "ஆந்தைக்கு இன்று பின்னம் மறந்துபோச்சாம். அது 1/2 + 1/4-க்கு 2/6 என்று எழுதிவிட்டது. நீ அதற்குச் சொல்லிக் கொடு" என்று ஒரு தாளை மகனிடம் நீட்டுங்கள். அவன் விளக்கும்போது இடையில் திருத்தாதீர்கள். எந்த இடத்தில் தயங்குகிறான் என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். பாட்டி வீட்டில் இருந்தால் அவர்களையே மாணவியாக உட்கார வைக்கலாம். இரண்டு வாரம், நாளுக்குப் பத்து நிமிடம் போதும். ஆந்தையோடு இருக்கும் நேரத்தை அரை மணி நேரமாகக் குறைத்து இதற்கு இடம் எடுங்கள்.

சந்தா விஷயம். ஆந்தை 2/5 சோதனையில் தேறினால் தொடருங்கள், ஆனால் மாதச் சந்தாவாக. தேறாவிட்டால், அவனுக்குப் பிடித்திருக்கிறது என்பதற்காக மட்டும் ஓர் ஆண்டுக்குப் பணம் கட்ட வேண்டாம். டியூஷனிலும் எச்சரிக்கை வேண்டும். அந்த 0.79 தனியாக உட்கார்ந்து சொல்லித் தருபவருக்கு. முப்பது பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் எழுதிப்போடுபவரிடம் அதை எதிர்பார்க்க முடியாது. சேர்ப்பதற்கு முன் மகனின் விடைத்தாளைக் கையோடு கொண்டுபோய் அந்த 2/5-ஐக் காட்டுங்கள். உடனே அடித்துத் திருத்திக் கொடுத்தால் இன்னொரு இடம் பாருங்கள். பேனாவைக் கீழே வைத்துவிட்டு உங்கள் மகனைப் பார்த்து, "இது எப்படிடா வந்துச்சு, சொல்லு" என்று கேட்டால், அன்றைக்கே சேர்த்துவிடுங்கள்.