விசிட்டிங் கார்டில் 'ஆர்க்கிடெக்ட்' என்று போடலாமா?

கேள்வி: மதுரை திருப்பாலையில் வீடு கட்டிக் கொடுக்கும் தொழில் செய்கிறேன். சிவில் பி.இ. படித்தவன். மனைவி பி.ஆர்க். முடித்து ஆர்க்கிடெக்சர் கவுன்சிலில் பதிவு செய்தவர். இருவருக்கும் விசிட்டிங் கார்டு அடிக்க வேண்டும். பிளானும் நானே போடுவதால் 'ஆர்க்கிடெக்ட் அண்ட் இன்ஜினியர்', 'மேனேஜிங் டைரக்டர்' என்றெல்லாம் போடச் சொல்கிறார் அண்ணன். ஓர் அமைப்பு கௌரவ டாக்டர் பட்டம் தருவதாகவும் கூப்பிடுகிறது. எதைப் போடலாம், எதை விடலாம்?

பதில்: ஆர்க்கிடெக்ட் என்ற சொல் உங்கள் கார்டில் வேண்டவே வேண்டாம். 1972-ஆம் ஆண்டு ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டத்தின் 37-ஆவது பிரிவுப்படி, கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சரில் பதிவு செய்தவர்கள்தான் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ள முடியும். "நான்தானே பிளான் போடுகிறேன்" என்று உங்களுக்குத் தோன்றுவது நியாயம்தான். 2020-இல் உச்ச நீதிமன்றம் இந்த இரண்டையும் பிரித்தே சொல்லிவிட்டது: வரைபடம் போடும் வேலையை மற்றவர்கள் செய்வதை அந்தச் சட்டம் தடுக்கவில்லை, ஆர்க்கிடெக்ட் என்று சொல்லிக்கொள்வதைத்தான் தடுக்கிறது. அதனால் 'வீட்டு வரைபடம், எஸ்டிமேட், கட்டுமானம்' என்று செய்கிற வேலையைப் போடுங்கள். 'கட்டடக் கலைஞர்' என்று தமிழில் போட்டால் பரவாயில்லையா என்று சிலர் கேட்பார்கள். படிப்பவர் மனதில் இரண்டும் ஒன்றுதான். அதுவும் வேண்டாம். நாளைக்கு நீங்கள் இருவரும் கூட்டாக ஒரு நிறுவனம் தொடங்கினாலும் அதன் பெயரில் 'ஆர்க்கிடெக்ட்ஸ்' வரக்கூடாது. அதற்குப் பங்குதாரர்கள் அத்தனை பேரும் பதிவு பெற்றவர்களாக இருக்க வேண்டும்.

உங்கள் மனைவியின் கார்டில் அந்தச் சொல் தாராளமாக வரட்டும். கூடவே பதிவு எண்ணையும் போடச் சொல்லுங்கள். அந்த எண் 'சிஏ' என்று தொடங்கி, ஆண்டு, அப்புறம் வரிசை எண் என்று போகும். அதை வெறுமனே போட்டால் பார்ப்பவர் ஆடிட்டர் என்று நினைத்துக்கொள்வார். 'ஆர்க்கிடெக்சர் கவுன்சில் பதிவு எண்' என்று முன்னால் எழுதிவிட்டால் குழப்பம் இல்லை.

மேனேஜிங் டைரக்டர் என்ற பதவி கம்பெனிச் சட்டப்படி பதிவான கம்பெனிக்குத்தான் உண்டு. தனி ஆளாக நடத்தும் தொழிலுக்கு டைரக்டரே கிடையாது. 'உரிமையாளர்' என்று போடுங்கள். நம் ஊரில் அந்தச் சொல்லுக்கு மரியாதை குறைவில்லை. வேலையில் ஏதாவது என்றால் நேரே இவரிடமே கேட்கலாம் என்ற நம்பிக்கையும் வரும்.

டாக்டர் பட்டத்தில்தான் நீங்கள் ரொம்ப ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். 1956-ஆம் ஆண்டு யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) சட்டத்தின் 22-ஆவது பிரிவுப்படி, சட்டப்படி அமைந்த பல்கலைக்கழகங்கள், நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள், நாடாளுமன்றம் தனியாக அதிகாரம் கொடுத்த நிறுவனங்கள் மட்டுமே பட்டம் வழங்கலாம். மண்டபம் பிடித்து, அங்கி மாட்டி, மேடையில் ஃபோட்டோ எடுத்துக் கொடுக்கிற அமைப்புக்கு அந்த அதிகாரம் கிடையாது. பணம் கேட்டால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். மதுரை காமராசர் பல்கலைக்கழகம் போன்ற ஒன்றே கௌரவப் பட்டம் கொடுத்தாலும், அதைப் பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொள்ளாமல் இருப்பதுதான் முறை. பத்ம விருதுகளையே பெயருக்கு முன்னாலும் பின்னாலும் போடக்கூடாது என்று 1995-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

'இன்ஜினியர்' என்று பெயருக்கு முன்னால் சுருக்கிப் போடலாமா? போடுகிறவர்கள் நிறைய. என் கருத்து, தேவையில்லை. பெயருக்குப் பின்னால் பி.இ., கீழே 'கட்டுமானப் பொறியாளர்' என்று வந்துவிட்டதே. மாநகராட்சியில் பதிவு பெற்றிருந்தால் 'பதிவு பெற்ற பொறியாளர்' என்று எண்ணோடு போடுங்கள். வீடு கட்டப்போகிறவர் விசாரித்துப் பார்க்கக்கூடிய தகவல் அதுதான். இன்ஸ்டிடியூஷன் ஆஃப் இன்ஜினியர்ஸ் அமைப்பு உங்களுக்குச் சார்ட்டர்டு இன்ஜினியர் சான்று கொடுத்திருந்தால் அதையும் சேர்க்கலாம். அதில் உறுப்பினராக மட்டும் இருந்தால் உறுப்பினர் என்றே போடுங்கள்.

எழுத்தில் ஒரு விஷயம். நம் பக்கத்துக் கார்டுகளில் 'பி.இ.,' என்று கடைசிப் பட்டத்துக்குப் பின்னாலும் ஒரு கமா நிற்கும். கல்யாணப் பத்திரிகைகளில் 'திரு. இன்னார், பி.ஏ., பி.எல்., அவர்கள்' என்று அடித்த பழக்கம் அது. அங்கே 'அவர்கள்' பின்னால் வருகிறது, கமாவுக்கு வேலை இருக்கிறது. கார்டில் பின்னால் ஒன்றுமே இல்லை, அதனால் எடுத்துவிடுங்கள். நம் பெயருக்கு நாமே 'திரு.' போட்டுக்கொள்வதும் வேண்டாம். உதாரணத்துக்கு:

சு. இளங்கோ, பி.இ. (சிவில்)
கட்டுமானப் பொறியாளர், உரிமையாளர்

பட்டத்தின் எழுத்து பெயரைவிடச் சின்னதாக இருக்கட்டும். மூன்றரைக்கு இரண்டு அங்குல அட்டையில் பெயரும் போன் நம்பரும்தான் முதலில் கண்ணில் பட வேண்டும்.

படித்துக்கொண்டிருக்கிற பட்டத்தையும் போடாதீர்கள். எனக்குத் தெரிந்த ஓர் இளைஞர், அரியர் ஒன்றுதானே பாக்கி என்று எம்.இ. சேர்த்து ஆயிரம் கார்டு அடித்துவிட்டார். எழுதிப் பாஸாகிவிடுவார் என்று நம்பி நானும்தான் அச்சடிக்கும் முன் சரிபார்க்கிற புரூஃபைச் சரி என்று அனுப்பினேன். ஒருநாள் வீடு கட்டப்போகிறவர் சான்றிதழைக் கேட்டார், காட்ட முடியவில்லை. அந்த வேலை போயிற்று. அன்றிலிருந்து டிகிரிச் சான்றிதழையும் பதிவுச் சான்றையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பார்க்காமல் புரூஃபில் கையெழுத்துப் போடாதீர்கள் என்று எல்லாரிடமும் சொல்கிறேன். நீங்களும் முதலில் டிஜிட்டலில் நூறு மட்டும் அடித்து, பத்துப் பேரிடம் கொடுத்துப் பார்த்துவிட்டு, அப்புறம் ஆயிரத்துக்கு ஆர்டர் கொடுங்கள்.