ஏடிவி கிளட்ச் வழுக்குகிறதா? ஆயில் டப்பாவின் பின்பக்கத்தைப் பாருங்கள்

கேள்வி: அரியமான் கடற்கரைக்கு வருகிறவர்களுக்கு ஏடிவி (மணலில் ஓடும் நான்கு சக்கர பைக்) ஓட்டக் கொடுக்கிறேன். கையால் கிளட்ச் பிடித்து கியர் மாற்றும் வண்டி. போன தடவை கார்களுக்கான 5டபிள்யூ-30 ஃபுல் சிந்தெடிக் ஆயில் ஊற்றினேன். இப்போது மணலில் ஏறும்போது இன்ஜின் இரைகிறது, வண்டி இழுக்கவில்லை. அண்ணனின் விசைப்படகுக்கு வாங்கிய 15டபிள்யூ-40 டீசல் இன்ஜின் ஆயில் டிரம்மில் இருக்கிறது. அதை ஊற்றிப் பார்க்கலாமா?

பதில்: வேண்டாம். ஊற்றியிருக்கும் கார் ஆயிலையும் உடனே இறக்கிவிடுங்கள். அது மட்டமான ஆயில் இல்லை, உங்கள் வண்டிக்கு உரியது இல்லை, அவ்வளவுதான்.

சாதாரண மேனுவல் கியர் காரில் இன்ஜினுக்குத் தனி ஆயில், கியர்பாக்ஸுக்குத் தனி ஆயில். கிளட்சில் ஆயிலே படாது. உங்கள் ஏடிவியிலோ ஒரே ஆயில்தான் இன்ஜின், கியர், கிளட்ச் மூன்றுக்கும் போகிறது. உராய்வுப் பட்டை ஒட்டிய பிளேட்டும் இரும்பு பிளேட்டும் மாறி மாறி அடுக்கி, ஸ்பிரிங் அழுத்தத்தில் ஆயிலுக்குள்ளேயே சுற்றுகின்றன. அவை ஒன்றையொன்று கவ்விப் பிடித்தால்தான் சக்கரத்துக்கு இழுவை போகும். மைலேஜ் கூட வேண்டும் என்பதற்காகப் பல கார் ஆயில்களில், குறிப்பாக 0டபிள்யூ-20, 5டபிள்யூ-30 போன்ற மெல்லிய ரகங்களில், உராய்வைக் குறைக்கும் மாலிப்டினம் போன்ற சேர்மானங்கள் கலந்திருக்கும். இன்ஜினுக்கு நல்லது செய்யும் அதே சேர்மானம் பிளேட்டின் பிடியைக் கெடுத்துவிடும். பிடி விட்டால் வழுக்கும், வழுக்கினால் சூடேறும், அப்புறம் பிளேட் தீய்ந்துபோகும். கடற்கரை மணலில் முதல் கியரிலேயே முக்கி முக்கி ஓடும் வண்டிக்கு இது சீக்கிரமே நடக்கும்.

கடையில் நீங்கள் தேட வேண்டியது ‘ஜாஸோ எம்ஏ’ அல்லது ‘ஜாஸோ எம்ஏ2’ என்ற எழுத்து. ஆயிலில் நனையும் கிளட்சுக்காக ஜப்பானியர்கள் 1998-இல் கொண்டுவந்த தர அளவு இது. 2006-இல் எம்ஏ-வை எம்ஏ1, எம்ஏ2 என்று பிரித்தார்கள். எம்ஏ2-வுக்குப் பிடிப்பு அதிகம். மணலில் ஓடும் உங்கள் வண்டிக்கு நான் எம்ஏ2-வைத்தான் சொல்வேன். ‘எம்பி’ என்று போட்டிருந்தால் தொடாதீர்கள், அது கியர் இல்லாத ஸ்கூட்டருக்கானது. டப்பாவின் முன்பக்கம் ‘4டி’ (ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜினுக்கானது) என்று பெரிதாக எழுதியிருப்பதை நம்பி வாங்குகிறவர்கள் நிறையப் பேர். ஸ்கூட்டர் ஆயிலிலும் அதே 4டி இருக்கும். பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால்தான் தெரியும்.

இனி அண்ணனின் டிரம். அதில் ஏபிஐ சிஐ-4 போன்ற குறி இருக்கலாம். அது டீசல் இன்ஜினுக்கான தகுதி, கிளட்ச் பிடிக்குமா என்று அது எதையும் சொல்லாது. ‘ஜாஸோ’ என்ற பெயரே டிரம்மில் இருந்தாலும் ஏமாறாதீர்கள். ஜாஸோ டிஎச்-1 என்பது டீசல் ஆயிலுக்கான தரம், ஜாஸோ எஃப்சி, எஃப்டி என்பவை 2டி, அதாவது டூ ஸ்ட்ரோக் இன்ஜின் ஆயிலுக்கானவை. ஒரு சில டீசல் ஆயில்கள் எம்ஏ தகுதியும் பெற்றிருக்கின்றன. உங்கள் டிரம்மில் அப்படி அச்சிட்டிருந்தால் மட்டும் பேச்சு வேறு.

கெட்டித்தன்மைக்கு வருவோம். டபிள்யூ-வுக்கு முன்னால் உள்ள எண் குளிரில் ஆயில் எப்படி ஓடும் என்பதைச் சொல்கிறது. ராமநாதபுரத்தில் மார்கழியிலும் அந்த அளவுக்குக் குளிர் கிடையாது. நமக்கு முக்கியம் பின்னால் உள்ள எண், அதாவது சூடான இன்ஜினில் ஆயில் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பது. வண்டியோடு வந்த புத்தகத்தில் வெப்பநிலைக்கு ஏற்ற பட்டியல் இருக்கும். அதில் 10டபிள்யூ-40, 20டபிள்யூ-40 இரண்டும் அனுமதித்திருந்தால் எதுவும் சரி. புத்தகம் 10டபிள்யூ-30 மட்டும் சொன்னால் அதையே போடுங்கள். ஃபுல் சிந்தெடிக்கா, மினரலா என்பது இரண்டாவது கேள்வி. எம்ஏ முத்திரை உள்ள மினரல் ஆயிலைக் குறித்த நேரத்தில் மாற்றினாலே போதும்.

இப்போது வண்டியைச் சரிசெய்வது. முதலில் கிளட்ச் கேபிளில் கொஞ்சம் தளர்வு இருக்கிறதா என்று பாருங்கள். கேபிள் இறுகியிருந்தாலும் இதே கோளாறுதான் வரும். பிறகு இன்ஜின் சூடாக இருக்கும்போதே ஆயிலை இறக்கி, ஃபில்டர் இருந்தால் மாற்றி, எம்ஏ2 ஆயில் ஊற்றி, சில நாள் நிதானமாக ஓட்டிவிட்டு மறுபடியும் மாற்றுங்கள். பிளேட் தீயாமல் இருந்தால் பிடி திரும்பிவிடும். அதன் பிறகும் இரைந்தால் பிளேட்டைத்தான் மாற்ற வேண்டும். புது உராய்வு பிளேட்டை மாட்டுவதற்கு முன் அதே ஆயிலில் நன்றாக ஊற வைக்கச் சொல்லுங்கள். அவசரத்தில் இதை விட்டுவிடும் மெக்கானிக்குகள் உண்டு.

வாடகை வண்டி கிலோமீட்டர் அதிகம் ஓடாது, ஆனால் இன்ஜின் நாள் முழுக்க உழைக்கும். அதனால் ஓடிய மணி நேரத்தைக் குறித்து வையுங்கள். மணலிலும் தண்ணீரிலும் ஓடும் வண்டிக்குப் புத்தகத்தில் உள்ள இடைவெளியைவிட முன்னதாகவே ஆயிலை மாற்ற வேண்டும், ஏர் ஃபில்டரையும் அடிக்கடி கழுவ வேண்டும். யாராவது அலைக்குள் வண்டியை இறக்கிவிட்டால் அன்றே டிப்ஸ்டிக்கை (ஆயில் அளவு பார்க்கும் கம்பி) எடுத்துப் பாருங்கள். ஆயில் பால் காபி நிறத்தில் இருந்தால் உப்புத் தண்ணீர் உள்ளே போய்விட்டது என்று அர்த்தம். ஸ்டார்ட் செய்யாமல் அந்த ஆயிலை இறக்கிவிட்டுப் புது ஆயில் ஊற்றுங்கள். இறக்கிய பழைய ஆயிலைத் தயவுசெய்து மணலில் கொட்ட வேண்டாம். கேனில் பிடித்துப் பழைய ஆயில் எடுப்பவர்களிடம் கொடுங்கள்.