கொசு ஆராய்ச்சியில் அப்படி என்னதான் இருக்கிறது?

கேள்வி: பி.எஸ்சி. விலங்கியல் முடித்திருக்கிறேன். கொசுவின் உடலியல், நடத்தை பற்றிய ஆராய்ச்சிக்குப் போகலாமா? மருந்தடித்துக் கொல்லப்போகிற பூச்சியில் ஆராய என்ன இருக்கிறது?

தாராளமாகப் போகலாம். ஓர் ஆய்வுக்கூடத்தின் கொசு வளர்ப்பு அறையில் மூன்று வருடம் வேலை பார்த்தவன் நான்.

முதலில் சில மாதம் வளர்ப்பு வேலைதான். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டை ஒட்டிய வடிதாளைத் தட்டுத் தண்ணீரில் போட வேண்டும். புழுக்களுக்கு நாய் பிஸ்கட்டையும் ஈஸ்ட்டையும் பொடித்துத் தூவ வேண்டும். கூட்டுப்புழுவானதும் டிராப்பரால் எடுத்துக் கூண்டுக்குள் வைக்க வேண்டும். வளர்ந்த கொசுவுக்குச் சர்க்கரைத் தண்ணீரில் நனைத்த பஞ்சு. ஆணுக்கு ஆயுள் முழுக்க அதுதான் சாப்பாடு. பெண்ணுக்கும் உயிர் வாழ அது போதும். முட்டை வளரத்தான் ரத்தம்.

என்னைப் பிடித்து இழுத்தது ஒரு சின்ன விஷயம். பசியோடு இருக்கும் பெண் கொசுக் கூண்டின் வலையருகே மெதுவாக ஊதினால், சும்மா உட்கார்ந்திருந்தவை சில நொடிகளில் கிளம்பிவிடும். மூச்சிலுள்ள கார்பன் டை ஆக்சைடுதான் எழுப்பிவிடுகிறது. அப்புறம் தோலின் வாடை. கிட்டே வந்ததும் சூடு. ஒருநாள் ரத்தம் ஊட்டும் கருவி ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய்விட்டது. மெல்லிய சவ்வுக்குப் பின்னால் ரத்தம், அதைச் சுற்றி 37 டிகிரி வெந்நீர் ஓடும் கருவி அது. தண்ணீர் ஆறியது. அதே ரத்தம், அதே சவ்வு, ஆனால் கொசுக்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ரத்தம் குடித்த மறுநாள் அதே கூண்டில் ஊதிப் பாருங்கள். வயிறு புடைத்து, நிழலான மூலையில் அப்பிக்கொண்டு அசையாமல் இருக்கும். முட்டையிடும் வரை, அதாவது மூன்று நான்கு நாள், மனிதரைத் தேடாது. இந்தப் 'போதும்' என்ற உணர்வு எங்கிருந்து வருகிறது என்று நியூயார்க் ராக்பெல்லர் பல்கலைக்கழகத்தில் லெஸ்லி வாஸ்ஹால் குழு தேடியது. மனிதரின் பசியைக் கட்டுப்படுத்த உருவாக்கிய சில மருந்துகளை ஏடிஸுக்குக் கரைசலில் கலந்து கொடுத்தபோது, ரத்தமே குடிக்காத கொசு குடித்து முடித்ததுபோல் அடங்கிவிட்டது. பிறகு இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட சேர்மங்களைச் சலித்து, மனிதரின் ஏற்பியை, அதாவது மருந்து போய் ஒட்டும் செல் புரதத்தை, தொடாமல் கொசுவின் ஏற்பியில் வேலை செய்கிறவற்றைப் பிரித்து, 2019இல் வெளியிட்டார்கள். உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான். மருந்தடிக்க அடிக்க அதைத் தாங்கும் கொசுக்கள்தான் மிஞ்சுகின்றன; கொசுவின் பசியைப் புரிந்துகொண்டால் கொல்லாமலே கடிக்காமல் வைக்க ஒரு வழி திறக்கிறது.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சென்னையில் மலேரியா பரப்பும் அனாபிலஸ் ஸ்டெபன்சி குடிக்கும்போது அதன் வால் நுனியைக் கைலென்ஸில் பாருங்கள். இளஞ்சிவப்பாக ஒரு சொட்டு திரண்டு, விழாமல் தொங்கும். அவ்வளவு பாடுபட்டுக் குடித்த ரத்தத்தை ஏன் வெளியே விடுகிறது? சூடான ரத்தம் அந்தச் சின்ன உடம்பைச் சுட வைக்கிறது. சொட்டு ஆவியாகும்போது வயிறு குளிர்கிறது. பிரான்சின் தூர் நகர ஆய்வாளர்கள் 2012இல் வெப்பக் கேமராவில் இதைக் காட்டினார்கள். நமக்கு வியர்வை, அதற்கு அந்தச் சொட்டு.

படிப்பு என்றால், புதுச்சேரியில் ஐ.சி.எம்.ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) நோய்க்கடத்தி கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் 1975 முதல் இருக்கிறது. பொதுச் சுகாதாரப் பூச்சியியல் எம்.எஸ்சி. அங்கே படிக்கலாம், முதலில் அதை விசாரியுங்கள்.

அதற்கு முன் வீட்டுத் தொட்டியில் நெளியும் புழுக்களைக் கொஞ்ச நேரம் பாருங்கள். நீர்ப்பரப்புக்கு இணையாகப் படுத்திருந்தால் அனாபிலஸ். தலைகீழாகச் சாய்ந்து தொங்கினால் ஏடிஸ் அல்லது கியூலெக்ஸ் என்ற இன்னொரு வகைக் கொசு. பார்த்து முடித்ததும் தண்ணீரைக் கொட்டிவிட்டு, தொட்டியின் உள்சுவரை நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். ஏடிஸ் முட்டை அங்கேதான் ஒட்டியிருக்கும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு காத்திருக்கும்.