மச்சானுக்காக "நான்தான் ஓட்டினேன்" என்று சொல்லிவிட்டேன், இனி என்ன செய்வது?

சேலத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: ஞாயிற்றுக்கிழமை ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது என் காரை ஓட்டியது மனைவியின் தம்பி. நன்றாகக் குடித்திருந்தான். அடிவாரம் பக்கத்தில் பைக்கில் வந்தவர் மேல் மோதி அவருக்குக் கால் முறிந்துவிட்டது. அடுத்த மாதம் மச்சானுக்குக் கல்யாணம், நான் குடிக்கவில்லை, அதனால் போலீஸிடம் நான்தான் ஓட்டினேன் என்றேன். அவனை யாரும் ஊதச் சொல்லவில்லை. இப்போது மறுபடி விசாரணைக்குக் கூப்பிடுகிறார்கள்.

பாசத்தில் செய்துவிட்டீர்கள், புரிகிறது. ஆனால் எதை மறைக்க எதை இழுத்துப் போட்டுக்கொண்டீர்கள் என்று பாருங்கள். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் மோட்டார் வாகனச் சட்டம் 185-வது பிரிவு, முதல் தடவைக்கு 6 மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும். ஊதியும் பார்க்காமல் ரத்தமும் எடுக்காமல் விட்டதால் மச்சான் மேல் அந்தப் பிரிவு நிற்பதே கஷ்டம். உங்கள் கதை வேறு. கார் உங்கள் பேரில் இருப்பதால் யார் ஓட்டியது என்று போலீஸ் கேட்டால் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு உண்டு, தெரிந்தே பொய் சொன்னால், பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா 212-ல், குற்றம் பற்றிய தகவல் என்பதால் 2 வருடம் வரை சிறை. அப்புறம் 238: குற்றம் செய்தவரைக் காப்பாற்றப் பொய்த் தகவல் தருவது. எலும்பு முறிவு கொடுங்காயம், அதற்கு 3 வருடம் வரை தண்டனை, அதில் கால் பங்கு, அதாவது 9 மாதம் வரை உங்களுக்குப் போடலாம். பொய் வெளியே வராவிட்டாலோ, கால் முறித்த வழக்கே முழுசாக உங்கள் தலையில்.

வெளியே வராது என்று நம்பாதீர்கள். நம் ஊர் காரில் ஓட்டுபவருக்கு சீட் பெல்ட் வலது தோளிலிருந்து குறுக்கே இறங்கும், பக்கத்து சீட்காரருக்கு இடது தோளிலிருந்து. அன்றைக்கு நீங்கள் இருவரும் ஆஸ்பத்திரியில் காட்டியிருந்தால், யாருக்கு எந்தத் தோளில் சிராய்ப்பு என்று விபத்துப் பதிவேட்டில் டாக்டர் எழுதியிருப்பார். வழியில் டீக்கடை கேமரா ஒன்று போதும். 2024 மே மாதம் புனேயில் சொகுசு கார் மோதி இரண்டு பேர் இறந்த வழக்கில், பழியை ஏற்கச் சொல்லி வீட்டு டிரைவரை மிரட்டியதாக, காரை ஓட்டிய பையனின் அப்பாவும் தாத்தாவுமே கைதானார்கள்.

சரி, இப்போது செய்ய வேண்டியது. ஸ்டேஷனுக்குத் தனியாகப் போகாதீர்கள். இன்றைக்கு வழக்கு உங்கள் மேல்தான், உங்களுக்கு எதிரான கேள்விக்குப் பேசாமல் இருக்க அரசியலமைப்பே உரிமை தருகிறது, இன்னொரு பொய் சொல்லத்தான் உரிமை இல்லை. குற்றப்பத்திரிகை போடும் முன்பு வக்கீலோடு போய் விசாரணை அதிகாரியிடம் உண்மையை எழுதிக் கொடுத்துவிடுங்கள். நான் சொன்ன பிரிவுகள் எல்லாம் ஜாமீனில் வரக்கூடியவை, பயந்து தள்ளிப்போட வேண்டாம். இன்சூரன்ஸ் கிளெய்ம் பாரத்தில் டிரைவர் பெயர் என்ற இடத்தில் உங்கள் பெயரைப் போட்டுவிடாதீர்கள், அது மோசடி வழக்காகத் திரும்பும். அடிபட்டவர் நஷ்டஈடு கேட்டுத் தீர்ப்பாயம் போகும்போதும் யார் ஓட்டியது என்ற குழப்பத்தில் அவர் பணம்தான் இழுபடும், படுக்கையில் கிடக்கிற மனிதரை அதற்கும் அலைய விடாதீர்கள். மச்சானுக்கு வேறு வக்கீல் வையுங்கள், உண்மையைச் சொன்னபிறகு உங்கள் இருவருக்கும் ஒரே வக்கீல் சரிப்படாது.